சிமிழுக்குள் ஒரு பெயர்: ஹங்கேரியப் படைவீரர்களின் அடையாளத் தகடுகளும் அவற்றைப் படிக்கும் முறையும்

போரில் இறந்தவரின் உடலுக்கு அவருடைய பெயரை மீட்டுத் தருவது அரசின் கடமை என்னும் எண்ணம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருப்பெற்றது. அதற்கு முன் தளபதிகளுக்கும் உயர்குடியினருக்கும் கல்லறையும் கல்வெட்டும் கிடைத்தன. சாதாரணச் சிப்பாய் விழுந்த இடத்துக்கு அருகில் வெட்டப்பட்ட பொதுக்குழியில் பெயரின்றிப் புதைக்கப்பட்டார். 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியின் சோல்ஃபெரினோவிலும், 1866 ஜூலை 3 அன்று பொஹீமியாவின் கோனிக்கிரேட்ஸிலும் ஹாப்ஸ்பர்க் பேரரசின் கொடியின் கீழ் மடிந்தவர்களில் ஹங்கேரியச் சிற்றூர்களிலிருந்து திரட்டப்பட்ட உழவர்களும் கைவினைஞர்களும் இருந்தார்கள். அவர்களில் எவர் எந்தக் குழியில் கிடக்கிறார் என்பதைச் சொல்லக்கூடிய சான்று எதுவும் அவர்கள் உடலில் இல்லை. இந்தப் போர்களுக்குப் பின் பிரஷ்யா தன் வீரர்களுக்கு அடையாள வில்லைகளை வழங்கத் தொடங்க, ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டது. அந்த முறையிலிருந்து கிளைத்து, இரண்டு உலகப் போர்களையும் பனிப்போர்க் காலத்தையும் கடந்து வந்த ஹங்கேரிய அடையாளத் தகடுகள் இன்றும் இத்தாலியின் கார்ஸ்ட் பீடபூமியிலும், கலீசியாவின் வயல்களிலும், டான் நதிக்கரையிலும் மண்ணிலிருந்து வெளிப்படுகின்றன. அவற்றைப் படிக்க எழுத்தறிவு மட்டும் போதாது. அந்நாட்டின் படை அமைப்பு, சமயப் பிரிவுகள், எல்லை மாற்றங்கள், பதிவேட்டு வழக்கங்கள் ஆகிய அனைத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

சிமிழும் சீட்டும்

1914இல் போருக்குப் புறப்பட்ட ஆஸ்திரிய–ஹங்கேரிய வீரர் தம்மோடு எடுத்துச் சென்ற அடையாளம், பித்தளையால் ஆன தட்டையான ஒரு சிறு சிமிழ். கீல் வைத்த புத்தகம்போல் திறக்கும் அந்தச் சிமிழுக்குள் அச்சிட்ட படிவம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் வீரரின் பெயர், அவர் சேர்ந்த படைப்பிரிவு, பிறந்த ஆண்டு, சொந்த ஊர், அவ்வூர் அடங்கிய வட்டாரம், மாவட்டம், சமயம் ஆகியவை கையால் நிரப்பப்பட்டன. ஹங்கேரிய மொழியில் இச்சீட்டு ‘இகசோல்வாஞி லப்’, அதாவது அடையாளச் சான்றுத் தாள், எனப்பட்டது. படைவீரர்களின் பேச்சு வழக்கில் இதற்கும் இதன் பின்வந்த எல்லாத் தகடுகளுக்கும் ‘தொக்சேதுலா’, பிணச்சீட்டு, என்ற பெயரே நிலைத்தது.

இந்த அமைப்பின் வலிமையும் குறையும் அந்தத் தாளிலேயே அடங்கியிருந்தன. ஜெர்மானியப் படையின் வில்லையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய வில்லையில் பெயர் கிடையாது. படைப்பிரிவின் சுருக்கக் குறியும், வரிசை எண்ணும், இரத்த வகையும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பெயராக மாற்ற பெர்லினில் பாதுகாக்கப்பட்ட பட்டியல்கள் தேவைப்பட்டன. உலோகம் அழியாத வரை எண் அழியாது. ஆனால் பட்டியல் அழிந்தால் எண் ஊமையாகிவிடும். ஹங்கேரிய முறை இதற்கு நேர்மாறானது. சீட்டு நல்ல நிலையில் இருந்தால் வேறு எந்தப் பட்டியலையும் நாடாமல், சிமிழைத் திறந்த கணத்திலேயே இறந்தவரின் பெயரும் ஊரும் தெரிந்துவிடும். சீட்டு நைந்து போயிருந்தால் சிமிழ் வெறும் பித்தளைத் துண்டு. மழையும் சேறும் நிறைந்த பதுங்குகுழியில் பல மாதங்கள் கிடந்த ஒரு வீரரின் சிமிழுக்குள் ஈரம் புகாமல் இருப்பது அரிது.

இரண்டாவது குறை, அடையாளம் ஒன்றே ஒன்றாக இருந்தது. இறந்தவரின் சிமிழை எடுத்துக்கொண்டு போனால் அவருடைய இறப்பைப் பதிவு செய்யலாம், ஆனால் உடல் பெயரற்றதாகிவிடும். சிமிழை உடலோடு விட்டால் கல்லறைக்குப் பெயர் உண்டு, ஆனால் ஊரில் இருக்கும் குடும்பத்துக்குச் செய்தி போகாது. 1906ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, களத்தில் இறந்தவர்களிடம் கிடைக்கும் அடையாளச் சின்னங்களை எதிர்த்தரப்பு அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்திருந்தது. அதன்படி நடந்தவர்கள் தங்களை அறியாமலேயே பல்லாயிரம் உடல்களைப் பெயரற்றவையாக்கினார்கள். இந்த முரணுக்கு 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைதான் தீர்வு சொன்னது: அடையாள வில்லையின் ஒரு பாதி அனுப்பப்பட வேண்டும், மறு பாதி உடலோடு இருக்க வேண்டும். தகட்டை இரண்டாக முறிக்கும்படி அமைக்கும் வழக்கம் ஐரோப்பியப் படைகளில் பொது விதியாக ஆனதற்குப் பின்னால் முதல் உலகப் போரின் இந்தக் கசப்பான அனுபவம் இருக்கிறது.

மண்ணிலிருந்து எடுக்கப்படும் ஒரு சிமிழை உடனே நெம்பித் திறப்பது, இத்தனை ஆண்டுகள் தப்பி வந்த சீட்டை ஒரு நொடியில் அழித்துவிடும். பித்தளையில் உள்ள செம்பு, களிம்பேறும்போது நுண்ணுயிர்களைத் தடுக்கும் உப்புகளை உண்டாக்குவதால், பச்சை படிந்த சிமிழ்களுக்குள் தாள் ஓரளவு பிழைத்திருப்பது உண்டு. ஆவணப் பாதுகாப்பாளர்கள் கட்டுப்படுத்தப்பட்ட ஈரப்பதத்தில் மடிப்புகளைத் தளரச் செய்த பிறகே தாளை விரிக்கிறார்கள். எழுதிய பொருள் எது என்பதைப் பொறுத்தே அடுத்த படி அமைகிறது. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த மையால் எழுதியது மங்கியிருந்தாலும் புற ஊதா ஒளியில் புலப்படும். அக்காலப் படை அலுவலகங்களில் பெரிதும் புழங்கிய, ஈரம் பட்டால் ஊதா நிறமாகக் கசியும் நகல் பென்சிலால் எழுதியது தாள் முழுதும் பரவிப் போயிருக்கும். சாதாரணப் பென்சிலின் கரி அகச்சிவப்பு ஒளியில் தெளியும். எழுத்துகளை உலோகத்தில் அடித்துப் பதித்த பிற்காலத் தகடுகளாயின், துருவைச் சுரண்டாமல், பக்கவாட்டில் சாய்வாக ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால் எழுத்தின் பள்ளங்கள் நிழலாகத் தோன்றும்.

ஒரே எண், மூன்று படைகள்

சீட்டில் முழுப் பெயரும் ஊரும் மிஞ்சாமல் படைப்பிரிவின் எண் மட்டும் மிஞ்சியிருக்கும்போதுதான் தேடலின் சிக்கல் தொடங்குகிறது. 1867இல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பேரரசு இரண்டு அரசுகளின் கூட்டாயிற்று. அதையொட்டி மூன்று தரைப்படைகள் அருகருகே இயங்கின. ஜெர்மன் மொழியில் ஆணை பிறப்பிக்கப்பட்ட பொதுப்படை முதலாவது. ஆஸ்திரியப் பகுதிக்கான லாண்ட்வேர் என்னும் உள்நாட்டுப் படை இரண்டாவது. 1868இல் ஹங்கேரிய நாடாளுமன்றம் சட்டமியற்றி உருவாக்கிய ‘ஹொன்வேத்’ என்னும் தாயகக் காவற்படை மூன்றாவது. இம்மூன்றும் தத்தம் காலாட்படை ரெஜிமென்ட்டுகளுக்குத் தனித்தனியே ஒன்றிலிருந்து எண்ணிட்டன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். சீட்டில் ‘4’ என்ற எண் மட்டும் தெரிகிறது என்று கொண்டால், பொதுப்படையின் 4ஆம் காலாட்படை ரெஜிமென்ட் வியன்னா நகரத்தினுடையது. லாண்ட்வேரின் 4ஆம் ரெஜிமென்ட் தெற்கு ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டைச் சேர்ந்தது. ஹொன்வேத் படையின் 4ஆம் ரெஜிமென்ட்டோ இன்று ருமேனியாவில் ஒராடியா என்று வழங்கும் நாட்வாராதில் நிலைகொண்டிருந்தது. அவ்வாறே, பொதுப்படையின் 20ஆம் எண் போலந்தின் நோவி சோன்ச் பகுதியினருக்கும், ஹொன்வேத் படையின் 20ஆம் எண் மேற்கு ஹங்கேரியின் நாட்கனிசா பகுதியினருக்கும் உரியது. எண்ணுக்கு முன் நிற்கும் சுருக்கக் குறியே இவற்றைப் பிரித்தறிய உதவும். ‘சாசாரி ஏஷ் கிராயி’, அதாவது பேரரசுக்கும் அரசுக்கும் உரியது, என்பதன் சுருக்கம் பொதுப்படையைக் குறிக்கும். ‘மஜ்யார் கிராயி’, ஹங்கேரிய அரசுக்கு உரியது, என்பதன் சுருக்கம் ஹொன்வேத் படையைக் குறிக்கும். குறி அழிந்திருந்தாலும் எண்ணே சில வேளை வழிகாட்டும்: போர் தொடங்கியபோது பொதுப்படையில் 102 காலாட்படை ரெஜிமென்ட்டுகளும் ஹொன்வேத் படையில் 32 ரெஜிமென்ட்டுகளும் இருந்தமையால், செகெத் நகரின் 46ஆம் ரெஜிமென்ட், பேகேஷ்சபாவின் 101ஆம் ரெஜிமென்ட் போன்ற எண்கள் பொதுப்படைக்கே உரியவை எனத் துணியலாம், போரின் நடுவே 300 வரிசை எண்களோடு உருவான ஹொன்வேத் ரெஜிமென்ட்டுகளை மட்டும் இதற்கு விலக்காகக் கொள்ள வேண்டும்.

ரெஜிமென்ட்டை இவ்வாறு உறுதி செய்துவிட்டால் ஆள்சேர்ப்பு வட்டாரம் தெரிந்துவிடும். வட்டாரம் தெரிந்தால் தேட வேண்டிய ஊர்கள் சில நூறாகக் குறையும். அதன்பின் கைகொடுப்பவை, பேரரசின் போர் அமைச்சகம் 1914 முதல் 1919 வரை எழுநூற்றுக்கும் மேற்பட்ட இதழ்களாக வெளியிட்ட இழப்புப் பட்டியல்கள். பெயர், பதவி, ரெஜிமென்ட், கம்பெனி, மாவட்டம், ஊர், பிறந்த ஆண்டு ஆகியவற்றோடு, அவர் இறந்தாரா, காயமுற்றாரா, சிறைப்பட்டாரா என்பதையும் இப்பட்டியல்கள் ஒரு வரியில் சொல்கின்றன. ஆயினும் அவசரத்தில் தொகுக்கப்பட்டவையாதலால், இறந்ததாக அறிவிக்கப்பட்டவர் பின்னொரு இதழில் போர்க்கைதியாகத் தோன்றுவதும் உண்டு. எனவே பட்டியலின் ஒரு வரியை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது.

சமயக் குறியும் தாயின் பெயரும்

அடையாளச் சீட்டில் மிகச் சிறியதாகத் தோன்றும் குறிப்பு, சமயத்தைச் சுட்டும் ஓரிரு எழுத்துகள். இறப்புச் சடங்கை எந்தக் குரு நடத்த வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட இக்குறி, இன்றைய ஆய்வாளருக்கு எந்தப் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் திறவுகோலாகிறது. ஹங்கேரியில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யும் முறை 1894ஆம் ஆண்டின் 33ஆம் சட்டத்தால் நிறுவப்பட்டு 1895 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் பதிவு அவரவர் திருச்சபையின் திருமுழுக்குப் பதிவேட்டிலோ, யூத சமூகத்தின் பதிவேட்டிலோதான் இருக்கும். முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஹங்கேரியர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த நாளுக்கு முன் பிறந்தவர்கள்; ஒரே ஊரில் மூன்று நான்கு சபைகள் இருப்பது அந்நாட்டில் இயல்பு.

ஆர்.கே. என்பது ரோமன் கத்தோலிக்கர்; ரெஃப். என்பது கால்வினிய மரபிலான சீர்திருத்தச் சபையினர், எவ். என்பது லூத்தரன் சபையினர், யூனிட். என்பது திரான்சில்வேனியாவில் வேரூன்றிய ஒருமைவாதச் சபையினர், இஸ்ர். என்பது யூதர். இவற்றுள் ஆய்வாளரைத் தவறச் செய்யக்கூடிய இரட்டை ஒன்று உண்டு. ஜி.கே. என்பது போப்பின் தலைமையை ஏற்றுக் கிழக்கத்திய வழிபாட்டைப் பின்பற்றும் கிரேக்கக் கத்தோலிக்கரையும், ஜி.கெல். என்பது கிழக்கு மரபுவழித் திருச்சபையினரையும் குறிக்கும். மங்கிய சீட்டில் கடைசி இரண்டு எழுத்துகள் மறைந்தால் ஒன்று மற்றொன்றாகப் படிக்கப்படும். திரான்சில்வேனியாவின் ருமேனிய ஊர்களில் இவ்விரு சபைகளும் அடுத்தடுத்து இருந்தமையால், தவறான பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் தேட நேரும். பதிவேட்டின் மூலப்படி அழிந்துவிட்ட ஊர்களுக்கு, 1820களின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்ட இரண்டாம் படிகள் உதவுகின்றன.

பெயர் முழுமையாகத் தெரிந்தாலும் அதற்குரியவர் ஒருவரே என்ற உறுதி இல்லை. ஹங்கேரியர் குடும்பப் பெயரை முதலிலும் இட்ட பெயரைப் பின்னும் எழுதுவார்கள். நாட், கோவாச், தோத், சபோ, ஹோர்வாத் போன்ற குடும்பப் பெயர்களும், யானோஷ், இஷ்த்வான், யோஜெஃப் போன்ற இட்ட பெயர்களும் மிகப் பரவலாக இருப்பதால், ஒரே கம்பெனியில் ஒரே பெயர் கொண்ட இருவர், மூவர் இருப்பது வியப்பன்று. இதனாலேயே ஹங்கேரிய நிர்வாகம் தாயின் திருமணத்துக்கு முந்தைய முழுப் பெயரை ஒருவருடைய அடையாளத்தின் பகுதியாகக் கொண்டது; இன்றும் அந்நாட்டின் அரசுப் படிவங்களில் அது கேட்கப்படுகிறது. பிறந்த ஆண்டு, ஊர், தாயின் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்து பொருந்தும்போது மட்டுமே அடையாளம் உறுதி எனக் கொள்ளப்படும். நெருங்கிய உறவினராக மனைவியின் பெயர் குறிக்கப்பட்டிருந்தால் அதிலும் ஒரு கவனம் வேண்டும்: திருமணமான பெண்ணின் பெயர், கணவரின் முழுப் பெயரோடு ‘நே’ என்ற விகுதி சேர்த்து எழுதப்பட்டதால், அப்பெண்ணின் சொந்தப் பெயர் அங்கே தென்படாது.

பெயரே மாறியிருப்பதும் உண்டு. 1881இல் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதற்கான கட்டணம் 5 ஃபோரின்ட்டிலிருந்து 50 கிரைட்சாராகக் குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஜெர்மானிய, ஸ்லாவியப் பெயர்களைத் தாங்கியவர்கள் பெருமளவில் ஹங்கேரியப் பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். அவர்களுடைய திருமுழுக்குப் பதிவில் ஒரு பெயரும் படைச் சீட்டில் மற்றொரு பெயரும் இருக்கும். மாற்றத்தைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்பட்ட குறிப்பு மட்டுமே இணைத்துக் காட்டும். ருமேனியர், ஸ்லோவாக்கியர் போன்ற பிற இனத்தவரின் இட்ட பெயர்களை எழுத்தர்களே ஹங்கேரிய வடிவத்துக்கு மாற்றி எழுதினார்கள்; ஊரில் இயோன் என்று அழைக்கப்பட்டவர் படையில் யானோஷ் ஆனார், ஷ்டெஃபான் இஷ்த்வான் ஆனார்.

இடம் மாறாத ஊர்கள், இடம் மாறிய எல்லைகள்

சீட்டில் உள்ள ஊர்ப் பெயரை இன்றைய நிலப்படத்தில் தேடுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான திரியனோன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் பழைய நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. போஜோன் பிராட்டிஸ்லாவா ஆயிற்று. கொலோஜ்வார் க்ளூஜ் ஆயிற்று. கஷ்ஷா கோஷிட்சே ஆயிற்று. உங்வார் உழ்ஹோரோத் ஆயிற்று. உய்விதேக் நோவி சாத் ஆயிற்று. ஹங்கேரிய வீரராக இறந்தவரின் பிறப்புப் பதிவு இன்று ஸ்லோவாக்கியா, ருமேனியா, உக்ரைன், செர்பியா, குரோஷியா, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் ஏதேனும் ஒன்றின் காப்பகத்தில் இருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போரில் இச்சிக்கல் இன்னும் முறுகியது. 1938 நவம்பர் 2, 1940 ஆகஸ்ட் 30 ஆகிய நாள்களில் வியன்னாவில் வழங்கப்பட்ட தீர்ப்புகளாலும், 1939, 1941 ஆண்டுகளின் படையெடுப்புகளாலும் இழந்த பகுதிகளில் சில மீண்டும் ஹங்கேரியோடு சேர்ந்தன. 1945க்குப் பின் அவை மறுபடியும் பிரிந்தன. 1918இல் பிறந்த ஒருவர் ஹங்கேரியில் பிறந்து, வேறொரு நாட்டின் பள்ளியில் படித்து, ஹங்கேரியப் படையில் சேர்ந்து இறந்திருக்கலாம்.

அரசியல் எல்லை மாறுவதற்கு முன்பே ஊர்ப் பெயர்கள் மாறத் தொடங்கியிருந்தன. 1898ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம் ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஓர் அதிகாரப்பூர்வப் பெயர்தான் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒரே பெயர் கொண்ட பல ஊர்களுக்கு வேறுபடுத்தும் முன்னொட்டுகள் சேர்க்கப்பட்டன, வேற்றுமொழிப் பெயர்கள் ஹங்கேரிய வடிவம் பெற்றன. மாவட்டம் மாவட்டமாக நடந்த இப்பணி போருக்குச் சற்று முன்வரை நீண்டது. ஆகவே 1890இல் பிறந்தவரின் திருமுழுக்குப் பதிவில் உள்ள ஊர்ப் பெயரும், 1914இல் அவருக்கு வழங்கிய சீட்டில் உள்ள பெயரும், இன்றைய பெயரும் மூன்றாக இருக்கலாம். 1877இலும் 1913இலும் வெளிவந்த ஊர்ப்பெயர்த் தொகுதிகளை அருகருகே வைத்து, மாவட்டப் பெயரையும் துணைகொண்டு பார்த்தால் மட்டுமே ஊர் உறுதியாகும்.

ஊர் உறுதியான பின் அங்கே இன்னொரு சான்று காத்திருக்கிறது. 1917ஆம் ஆண்டின் 8ஆம் சட்டம், போரில் இறந்தவர்களின் நினைவை ஒவ்வோர் ஊரும் நிலைநிறுத்த வேண்டும் என்று பணித்தது. ஹங்கேரியின் ஊர்ச் சதுக்கங்களிலும் தேவாலய முற்றங்களிலும் நிற்கும் நினைவுக் கற்களில் உள்ள பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் இச்சட்டத்தின் வழிவந்தவை. போர்முனையிலேயே இத்தகைய பட்டியலை வீரர்கள் உருவாக்கியதும் உண்டு. இன்று ஸ்லோவேனியாவில் உள்ள யாவோர்ட்சா என்னுமிடத்தில் 1916இல் ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையினர் தாங்களே கட்டிய மரத் தேவாலயத்தில், வெடிமருந்துப் பெட்டிகளின் பலகைகளில் 2,564 தோழர்களின் பெயர்களைச் சூட்டுக்கோலால் பொறித்தார்கள். அதற்குத் தெற்கே, ஃபொல்யானோவில் உள்ள ஆஸ்திரிய–ஹங்கேரியப் படைக் கல்லறையில் அடக்கமான சுமார் 14,000 பேரில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. ஒரே போர்முனையில் மடிந்தவர்களிடையே இவ்வளவு பெரிய வேறுபாடு விளைந்ததற்குக் காரணம், பெயரை யாரேனும் உரிய நேரத்தில் எழுதி வைத்தார்களா இல்லையா என்பதே.

டான் நதிக்கரையில்

ஹங்கேரியரின் நினைவில் ஆறாத புண்ணாக இருப்பது டான் நதிக்கரையின் பேரழிவு. ஜெனரல் குஸ்தாவ் யானியின் தலைமையில் சுமார் 2,00,000 பேர் கொண்ட ஹங்கேரிய 2ஆம் சேனை 1942இல் வொரோனெஷுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளப் போர்முனையைக் காக்க நிறுத்தப்பட்டது. 1943 ஜனவரி 12 அன்று சோவியத் படை உரிவ் பாலமுகப்பிலிருந்து தாக்கத் தொடங்க, உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் தாழ்ந்த குளிரில் அச்சேனை சில வாரங்களில் சிதைந்தது; பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள், மேலும் பல பத்தாயிரம் பேர் சிறைப்பட்டார்கள். உறைந்த நிலத்தில் குழி தோண்ட இயலாமல் பனியில் விடப்பட்ட உடல்களைப் பின்னர் ஊரார் பொதுக்குழிகளில் இட்டார்கள். சோவியத் ஆட்சி நீடித்தவரை அங்கே ஹங்கேரியர் எவரும் தேடிச் செல்ல முடியவில்லை. அது முடிந்த பிறகே ருத்கினோ, போல்திரெவ்கா ஆகிய இடங்களில் ஹங்கேரியப் படைக் கல்லறைகள் அமைந்தன, சிதறிக்கிடந்த எலும்புகள் அங்கே கொண்டுவரப்பட்டன.

அந்த மண்ணில் மூன்று நாட்டு அடையாள முறைகள் கலந்து கிடக்கின்றன. பெயரற்ற எண் தாங்கிய ஜெர்மானிய வில்லை ஒன்று. பெயரும் பிறப்பு விவரமும் தாங்கிய ஹங்கேரிய அடையாளம் மற்றொன்று. திருகி மூடும் கருநிறச் சிமிழுக்குள் தாளை வைத்த, 1942 நவம்பரில் கைவிடப்பட்ட சோவியத் முறை மூன்றாவது. ஹங்கேரியத் தகட்டில் கிடைக்கும் படைப்பிரிவை வைத்து ஊரை ஊகிக்கும் முதல் உலகப் போர்க்கால வழி இங்கே முழுமையாகப் பயன்படாது. 2ஆம் சேனையின் மூன்று படைத்தொகுதிகளும் சோம்பத்ஹெய், பேச், மிஷ்கோல்ட்ஸ் நகரங்களை மையமாகக் கொண்டவை என்றாலும், இழப்பின் சுமை ஒரு வட்டாரத்தின்மீது மட்டும் விழக்கூடாது என்பதற்காக ஆள்கள் நாடெங்கிலுமிருந்து திரட்டிச் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே தாயின் பெயரும் பிறந்த ஊருமே இறுதித் தீர்ப்பை வழங்க வேண்டியவை. அவற்றைப் புதாபெஸ்டில் உள்ள ராணுவ வரலாற்று ஆவணக் காப்பகத்தின் இழப்பு அட்டைகளோடு ஒப்பிட வேண்டும்.

இச்சேனையோடு அனுப்பப்பட்ட கட்டாய உழைப்புப் படையினரின் நிலை இன்னும் கொடியது. 1939ஆம் ஆண்டின் 2ஆம் சட்டத்தால் நிறுவப்பட்ட இவ்வமைப்பில் பெருந்திரளாகச் சேர்க்கப்பட்ட யூதர்கள், ஆயுதமின்றி, தங்கள் சொந்த உடையில், கையில் மஞ்சள் பட்டை அணிந்து, கண்ணிவெடி அகற்றவும் குழி தோண்டவும் பணிக்கப்பட்டார்கள். படைவீரருக்குரிய அடையாளமும் காப்பும் மறுக்கப்பட்ட இவர்களின் எலும்புகளை இனங்காண்பதுதான் இத்துறையின் மிகக் கடினமான பணி; எவருக்கு வாழ்வில் மதிப்பு மறுக்கப்பட்டதோ அவருக்கு இறப்பிலும் பெயர் மறுக்கப்பட்டது என்பதை வரலாறு மறைக்கக்கூடாது.

சிறைப்பட்டவர்களைத் தேடும்போது வேறொரு புதிர் எழுகிறது. சோவியத் சிறை முகாம்களில் இருந்த ஹங்கேரியர் தொடர்பான சுமார் 6,82,000 பதிவுகள் ரஷ்யக் காப்பகத்திலிருந்து பெறப்பட்டு, ஹங்கேரியத் தேசிய ஆவணக் காப்பகத்தால் 2021இல் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டன. அப்பதிவுகளில் ரஷ்ய எழுத்தர்கள் காதால் கேட்ட ஒலியை ரஷ்ய எழுத்தில் எழுதினார்கள். ஹங்கேரியப் பெயரின் ‘ஹ’ ஒலி ஒரு பதிவில் ‘ஹ’வுக்கு நெருங்கிய எழுத்தாலும், மற்றொன்றில் ‘க’வைக் குறிக்கும் எழுத்தாலும் எழுதப்பட்டிருப்பதால் ஹெகெதூஷ் என்பவர் கெகெதூஷ் என்றும் காணப்படுவார். அடையாள மரபிலும் அடிப்படை வேறுபாடு இருந்தது. ரஷ்ய வழக்கப்படி அப்படிவங்கள் தந்தையின் பெயரைக் கேட்டன. ஹங்கேரியத் தகடும் பதிவேடும் தாயின் பெயரைச் சொல்லின. இரண்டையும் இணைக்க, பெற்றோர் இருவரின் பெயரும் உள்ள பிறப்புப் பதிவு மட்டுமே பாலமாக அமையும். ஆகவே ஒரு வீரரின் இறுதி நாள்களை அறிய அவருடைய பிறந்த நாளின் பதிவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

பதினொரு இலக்கங்கள்

பிற்காலத் தகடு முற்றிலும் வேறு தோற்றமுடையது. 25க்கு 35 மில்லிமீட்டர் அளவிலான எஃகுத் தகடு மூலைவிட்டமாக இரண்டாக முறியும்படி அமைந்திருக்கும். இரு பகுதிகளிலும் ‘ஹுங்காரியா’ என்ற நாட்டுப் பெயரும், வீரரின் அடையாள எண்ணும், பெரும்பாலும் இரத்த வகையும் இருக்கும். பெயர் இல்லாத இத்தகட்டை முதலில் பார்ப்பவர் எண்ணைப் பொருளற்ற வரிசை எனக் கருதலாம். ஆனால் 1970களில் ஹங்கேரிய அரசு குடிமக்கள் அனைவருக்கும் வகுத்த 11 இலக்க எண்ணில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பொருள் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் பிறந்த ஆணுக்கு முதல் இலக்கம் 1, பெண்ணுக்கு 2. அடுத்த ஆறு இலக்கங்கள், ஹங்கேரியர் தேதியை எழுதும் முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பிறந்த நாளைத் தரும். 1550315 என்று தொடங்கும் எண் 1955 மார்ச் 15 அன்று பிறந்த ஆணுடையது. அடுத்த மூன்றும் அதே நாளில் பிறந்தவர்களை வேறுபடுத்தும் வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்குரியது: 1997க்கு முன் பிறந்தவர்களைப் பொறுத்தவரை, முதல் பத்து இலக்கங்களை அவை நிற்கும் இடத்தின் எண்ணால், அதாவது 1 முதல் 10 வரை, முறையே பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதியே அது. 11 பகா எண்ணாதலால், பத்து இலக்கங்கள் தெரிந்து ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் துருவால் மறைந்திருந்தால், அதைக் கணக்கிட்டே ஐயமின்றி மீட்டுவிடலாம்.

எனினும் இந்த எண்ணிலிருந்து பெயருக்குச் செல்லும் வழி எல்லோருக்கும் திறந்ததன்று. ஒரே எண்ணால் குடிமக்களின் எல்லா விவரங்களையும் இணைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஹங்கேரிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. 2004இல் கட்டாய ராணுவ சேவை முடிவுக்கு வந்த நாட்டில், பழைய தகடுகளுக்கு உரியவர்களில் பலர் உயிரோடு இருப்பவர்கள். அவர்களுடைய எண்ணைப் பொதுவெளியில் பரப்புவது தவறு.

தகட்டைப் பிரித்தால் அழிவது

மேலே கண்டவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அடையாளத் தகடு தன்னளவில் முழுமையான ஆவணமன்று. கிடைத்த இடம், அருகிலிருந்த எலும்பு, பதிவேட்டின் வரி, இழப்புப் பட்டியலின் குறிப்பு, ஊர் நினைவுக் கல்லின் பெயர் ஆகியவை ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்போதே ஒரு மனிதர் அடையாளம் பெறுகிறார். உலோகங்காட்டிக் கருவிகளோடு பழைய போர்க்களங்களில் அலைந்து தகடுகளைத் தோண்டியெடுத்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்பவர்கள் இந்தத் தொடர்பைத்தான் அறுக்கிறார்கள். விற்கப்பட்ட தகட்டைப் பின்னொரு நாள் ஒருவர் சரியாகப் படித்துவிட்டாலும், அது எந்த எலும்போடு இருந்தது என்பதை எந்தக் காப்பகமும் சொல்லப் போவதில்லை; குடும்பத்துக்கு ஒரு பெயர் கிடைக்கும், கல்லறை கிடைக்காது.

ஆகவே இத்தகைய தகட்டைக் காண்பவர் செய்ய வேண்டியது எளிது. அதை எடுக்காமலும் திறக்காமலும் துடைக்காமலும், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்நாட்டின் போர்க்கல்லறைகளுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு பேரரசும் இரண்டு உலகப் போர்களும் சிதறடித்த பெயர்களை மீட்கும் பணி, அந்தத் தகட்டை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும் மனிதரிடமிருந்துதான் தொடங்குகிறது.